நெல்லை வீட்டு மாடியில் எச்டி ட்யூனர்: மாதக் கட்டணமில்லாத் தொலைக்காட்சிக்கு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அலமாரியில், அமெரிக்காவில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த எச்டி ட்யூனர் (காற்றில் வரும் ஒளிபரப்பு அலையைப் பிடித்துத் தெளிவான படமாகத் தரும் பெட்டி) ஒன்று அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கிறது. அங்கே சன்னலோரம் ஒரு சிறிய ஆன்டெனாவை வைத்தாலே நாற்பது ஐம்பது அலைவரிசைகள் காசில்லாமல் வரும் என்று மகன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி ஏடிஎஸ்சி என்னும் அமெரிக்கத் தரத்துக்காகச் செய்யப்பட்டது. இந்தியா பின்பற்றுவது டிவிபி என்னும் ஐரோப்பியத் தரத்தை. இரண்டுக்கும் மொழியே வேறு. ஆகவே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன்பாகவே, நம் ஊரில் காற்றில் என்ன வருகிறது, அதைப் பிடிக்க எந்த ட்யூனர் வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தரையிலிருந்து வந்த அலை நின்றுவிட்டது

1980-களில் நம் பக்கத்து வீடுகளின் மேல் உயரமான இரும்புக் குழாய்களில் மீன்முள் போன்ற ஆன்டெனாக்கள் நின்றதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடிப்பதற்காக ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, இடையில் ஒரு பூஸ்டரையும் மாட்டி, புள்ளிமழைக்கு நடுவே படம் பார்த்த காலம் அது. பின்னர் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் வந்தது. அந்தத் தரைவழி அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் படிப்படியாக மூடி, 2021-22 வாக்கில் எல்லையோரம் போன்ற சில முக்கிய இடங்களைத் தவிர மற்ற இடங்களில் நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றான டிவிபி-டி2 என்னும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-இல் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் தொடங்கப்பட்டது. திருநெல்வேலி அந்தப் பட்டியலில் இல்லை.

எனவே, ‘ஆன்டெனா வைத்தால் எச்டி வரும்’ என்று சொல்லி டி2 ட்யூனரை விற்பவரிடம் நெல்லைக்காரர் ஏமாறக் கூடாது. நம் மாடிக்குக் கட்டணமில்லாமல் வந்து விழும் டிஜிட்டல் அலை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் (டிகிரியில்) நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன்-5 ஏவுகலம் அதனை விண்ணில் செலுத்தியது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் சேவை, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இதன் வழியாகவே ஒளிபரப்பாகிறது. மாதச் சந்தா கிடையாது. ஒருமுறை கருவிகளை வாங்கி நிறுத்திவிட்டால், பிறகு மின்கட்டணம் மட்டும்தான் செலவு.

தொடங்கும் முன்பு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தனியார் அலைவரிசைகளின் நெடுந்தொடர்களை எதிர்பார்த்து இதை அமைப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள்; ஃப்ரீ டிஷ்ஷில் இந்தி அலைவரிசைகளே மிகுதி. டிடி தமிழ், தூர்தர்ஷனின் செய்தி மற்றும் விளையாட்டு அலைவரிசைகள், உயர்கல்விக்கான ஸ்வயம் பிரபா போன்ற கல்வி அலைவரிசைகள் ஆகியவை போதும் என்பவர்களுக்கும், கேபிளுக்கு ஒரு மாற்று வீட்டில் இருக்கட்டும் என்பவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. டிடி தமிழ் என்பது, 2024 ஜனவரி வரை நம் மலையின் பெயரைத் தாங்கி, பொதிகை என்று அழைக்கப்பட்ட அதே அலைவரிசைதான். பெயரை மாற்றியதில் எனக்கு இன்னும் சிறு வருத்தம் உண்டு.

ட்யூனரைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் வீட்டிலிருக்கும் தொலைக்காட்சியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அழுத்திச் செருகும் வழவழப்பான வட்டத் துளை இருந்தால், அது தரைவழி ஆன்டெனாவுக்கோ கேபிளுக்கோ உரியது. வெளிப்புறம் மரை போட்ட, திருகி இறுக்கும் வகைத் துளை இருந்து, அதன் அருகே சாட்டிலைட் என்ற குறிப்பும் இருந்தால், உங்கள் தொலைக்காட்சிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் இருக்கிறது என்று பொருள், தனிப்பெட்டி தேவையில்லை. இந்திய தர நிர்ணய அமைவனம் இத்தகைய உள்ளமைந்த ட்யூனர் கொண்ட தொலைக்காட்சிகளுக்கென்றே ஐஎஸ் 18112:2022 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. புதிதாகத் தொலைக்காட்சி வாங்குபவர்கள் கடையில் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

தனிப்பெட்டி வாங்குவதானால், அட்டையில் டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் ஒளிபரப்பின் புதிய தரம்), எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் முதல்முறை சறுக்கினேன். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மலிவுப் பெட்டி பழைய டிவிபி-எஸ், எம்பெக்-2 வகையைச் சேர்ந்தது. டிஷ் சரியாக நின்றது, சிக்னலும் நன்றாக இருந்தது, ஆனால் எச்டி அலைவரிசைகள் ஒன்றுகூடப் பட்டியலில் வரவில்லை. இரண்டு நாள் டிஷ்ஷைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எம்பெக்-2 மட்டும் அறிந்த பெட்டி எம்பெக்-4 ஒளிபரப்பை எந்த நாளும் காட்டாது.

எச்டி என்பதன் பயன் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: பழைய தரத்தில் ஒரு படச்சட்டத்தில் 720 × 576 புள்ளிகள், முழு எச்டியில் 1920 × 1080. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு. ஆனால் பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ கம்பி போட்டால்தான் இந்த ஐந்து மடங்கு கண்ணுக்கு வந்து சேரும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் மூன்று முனை கொண்ட பழைய ஏவி கம்பியைச் செருகினால், எச்டி பெட்டியும் பழைய படத்தையே தரும்.

நம் வானத்தில் அது எங்கே நிற்கிறது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். பெட்டியோடு வரும் கையேடுகளும், கைபேசியில் பார்க்கும் செய்முறைக் காணொளிகளும் பெரும்பாலும் வடக்கத்திக் கோணங்களையோ, மிஞ்சிப்போனால் சென்னைக் கோணங்களையோ சொல்பவை. நெல்லைக்கு அவை பொருந்தா.

திருநெல்வேலி ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 8.7, கிழக்குத் தீர்க்கரேகை 77.7 பாகையில் இருக்கிறது. இதிலிருந்து கணக்கிட்டால், ஜிசாட்-15 நமக்கு வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 118 பாகைத் திசையில், தொடுவானத்திலிருந்து 69 பாகை உயரத்தில் நிற்கிறது. தில்லியில் இதே செயற்கைக்கோள் 149 பாகைத் திசையில், 52 பாகை உயரத்தில்தான் தெரியும். சென்னையில் உயரம் நம்முடையதைப் போலவே 68 பாகை. ஆனால் திசை 134 பாகை. அதாவது, தில்லிக்காரர் தெற்கே பார்த்துச் சற்றுக் கிழக்கே திரும்புவார். நாமோ கிழக்கே பார்த்துச் சற்றுத் தெற்கே திரும்பி, கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும்.

திசைகாட்டி இல்லாமலும் இந்தத் திசையைக் கண்டுபிடிக்கலாம். மார்கழி முதல் வாரத்தில், பெருமாள் கோயில் திருப்பாவை கேட்கும் விடியலில், நெல்லையில் சூரியன் எழுவது ஏறத்தாழ 114 பாகையில். கையை நீட்டிப் பிடித்து, அந்த உதயப் புள்ளிக்கு இரண்டு மூன்று விரல் அகலம் தெற்கே தள்ளினால் நமக்கு வேண்டிய திசை கிடைத்துவிடும். வீட்டின் மனைக்கோலம் திசை பார்த்து அமைந்திருந்தால், கிழக்குச் சுவருக்கும் சமையலறை இருக்கும் அக்னி மூலைக்கும் நடுவே, மூலைப்பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போல் அது இருக்கும். கைபேசித் திசைகாட்டியைப் பயன்படுத்துபவர்கள் இரும்புக் கம்பத்திலிருந்தும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்திலிருந்தும் இரண்டு மீட்டராவது விலகி நின்று பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் நிற்பதால் நமக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, மரமும் கட்டடமும் எளிதில் மறைக்காது. டிஷ்ஷின் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் தென்னை, நான்கு மீட்டர் தள்ளி இருந்தாலே அலை அதன் தலைக்கு மேலாக வந்துவிடும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் பக்கத்தார் மலை மறைக்குமோ என்று கேட்பதுண்டு. மலை மேற்கே இருக்கிறது, நமக்கு வேண்டியது கிழக்கே, ஆகையால் அந்தக் கவலையே வேண்டாம். மற்றொன்று, உயரம் கூடக் கூட இடவலத் திருப்பத்தின் கூர்மை குறைகிறது. 69 பாகை உயரத்தில், டிஷ்ஷைக் கம்பத்தைச் சுற்றி மூன்று பாகை திருப்பினால் வானத்தில் அதன் பார்வை ஒரு பாகை அளவுதான் நகர்கிறது. ஆனால் மேல்கீழ் அசைவில் இந்தச் சலுகை இல்லை; அங்கே ஒரு பாகை என்றால் ஒரு பாகைதான். 60 செண்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே ஏறத்தாழ மூன்று பாகை. டிஷ்ஷின் விளிம்பு ஒரு செண்டிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்தால், பார்வை கிட்டத்தட்ட இரண்டு பாகை விலகிவிடும். நம் ஊரில் மேல்கீழ்த் திருகாணியே சிக்னலைத் தீர்மானிக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்என்பியின் சுழற்சி. டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் அமர்ந்து, குவிந்த அலையை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்பும் சிறு குமிழ்தான் எல்என்பி. அலையின் அதிர்வுத் தளத்தோடு இது ஒத்திருக்கும்படி, பிடிக்குள் இதைச் சுழற்றி வைக்க வேண்டும். தில்லியில் இந்தச் சுழற்சி 27 பாகை, சென்னையில் 45, திருநெல்வேலியில் 61. சுழற்றாமல் நேராகவே விட்டுவிட்டால், கணக்குப்படி, வரும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகவே எல்என்பி வாங்கும். தில்லி அளவில் வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆனால் எதிர்த் தளத்தில் வரும் வேறு அலையும் மூன்றில் ஒரு பங்கு உள்ளே நுழைந்து கலக்கும். ‘டிஷ்ஷை எவ்வளவோ திருப்பிப் பார்த்துவிட்டேன், பாதி அலைவரிசைகள்தான் வருகின்றன’ என்று நம் பக்கத்தில் சொல்பவர்களின் வீட்டில், நான் முதலில் பார்ப்பது இந்தச் சுழற்சியைத்தான்.

எந்தப் பக்கம் சுழற்றுவது? டிஷ்ஷுக்கு முன்னால், டிஷ்ஷைப் பார்த்தபடி நில்லுங்கள். எல்என்பியின் கேபிள் முனை நேர்கீழாக இருப்பதை, கடிகாரத்தில் மணி ஆறு என்று கொள்ளுங்கள். அதை மணி எட்டு இருக்கும் இடத்துக்குத் திருப்புங்கள். பெரும்பாலான எல்என்பிகளில் கேபிள் முனை நேர்கீழாக இருப்பதே சுழியம். சிலவற்றில் வேறுபடலாம் என்பதால், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கோட்டையும் ஒருமுறை பார்த்துவிடவும்.

இடமும் கம்பமும்

எங்கள் பக்கத்தில் தட்டட்டி என்று சொல்லும் மொட்டை மாடியில், தளத்தைத் துளைத்து டிஷ் நிறுத்துவதை நான் ஒப்புவதில்லை. பதித்த ஓட்டில் விழும் துளை, அடுத்த ஐப்பசி மழையில் படுக்கையறைக் கூரையில் ஈரமாக வந்து நிற்கும். கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில் விரிவாணி அடித்துப் பிடிக்கலாம். அல்லது சிமெண்டுக் கட்டையில் கம்பத்தை வார்த்து, தளத்தின் மேல் வெறுமனே வைக்கலாம். கட்டை நல்ல கனம் இருக்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் ஆனி, ஆடியில் இறங்கும் காற்று, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. அம்மியையே பறக்கவைக்கும் என்று பழமொழி சொல்லும் அந்தக் காற்றுக்கு, தட்டையான ஒரு டிஷ் பாய்மரம் போலத்தான். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் துத்தநாகம் பூசிய கம்பமும் திருகாணியும் இல்லாவிட்டால் உப்புக்காற்று விரைவிலேயே துருப்பிடிக்க வைத்துவிடும்.

கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி, கம்பத்தின் இரண்டு பக்கங்களில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தூக்குக்குண்டாகப் பயன்படுத்தலாம். கம்பம் சாய்ந்திருந்தால், இடவலம் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும். தேடல் முடிவே இல்லாமல் நீளும்.

டிஷ்ஷின் அளவைப் பொறுத்தவரை 60 செண்டிமீட்டர் போதும் என்றே சொல்கிறார்கள். இடமும் பணமும் இருந்தால் 75 செண்டிமீட்டர் வாங்குங்கள் என்பது என் கருத்து. பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், மழை நாளில் அந்தக் கூடுதல் கைகொடுக்கும்.

கேபிள் முனை: அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

ஆர்ஜி-6 வகைக் கேபிளை, இடையில் ஒட்டு இல்லாமல், மாடியிலிருந்து வரவேற்பறை வரை ஒரே நீளமாக வாங்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய ஆன்டெனாவின் தட்டை ஒயரும், கேபிள்காரர் விட்டுச்சென்ற ஒல்லிக் கம்பியும் இதற்கு உதவா. 20 மீட்டர் நீளத்துக்கு இழப்பு பெரிதாக இருக்காது. எல்என்பியே அலையைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித்தான் அனுப்புகிறது. ஆகையால் பழைய பழக்கத்தில் பூஸ்டர் வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை.

கேபிளின் நுனியில் திருகு முனை (கனெக்டர்) கட்டுவதை அவசரமில்லாமல் செய்யுங்கள். வெளித்தோலைக் கத்தியால் சுற்றிவர மெதுவாகக் கீறி உரித்தால், மயிரிழை போன்ற கம்பிகளால் ஆன வலை தெரியும். அதைக் கிழிக்காமல் பின்னோக்கி மடித்து, தோலின் மேல் படியவைக்க வேண்டும். அதற்கடியில் வெள்ளிநிறத் தாள், அதற்கும் உள்ளே வெள்ளை நுரை, அதன் நடுவே செம்புக் கம்பி. நுரையை வெட்டும்போது செம்பில் கத்தி படக் கூடாது. கீறல் விழுந்த இடத்தில் பின்னொரு நாள் ஒடிந்துவிடும். முனையைத் திருகி ஏற்றி முடித்தபின், நடுக்கம்பி முனையின் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் சரி. பிறகு வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே உற்றுப் பாருங்கள். வலையின் ஒரே ஓர் இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், எல்லாம் நின்றுவிடும். இந்தக் கேபிள் வழியாகத்தான் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை மேலே எல்என்பிக்கு அனுப்புகிறது. இழை தொட்டால் அது குறுக்குச் சுற்றாகிவிடும், நல்ல பெட்டியானால் திரையில் எச்சரிக்கை வரும், மலிவுப் பெட்டியானால் ஒன்றும் சொல்லாமல் சூடாகும். அதனால் முனைகளைத் திருகும்போதும் கழற்றும்போதும் பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எல்என்பி பக்க முனையில் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிளை அங்கே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு கொண்டுபோக வேண்டும். மழைத்தண்ணீர் கேபிள் வழியே வழிந்து முனைக்குள் போகாமல், வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

மேலே ஒருவர், கீழே ஒருவர்

பெட்டியின் அமைப்புப் பட்டியலில் செயற்கைக்கோளாக ஜிசாட்-15, 93.5 கிழக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600 என்றிருக்க வேண்டும். இப்போது திரையில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று வலிமை, மற்றொன்று தரம். கேபிளும் எல்என்பியும் சரியாக இணைந்திருந்தாலே வலிமைப் பட்டை பாதிக்கு மேல் ஏறி நிற்கும். டிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அப்படித்தான் நிற்கும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். தேர்ந்தெடுத்த செயற்கைக்கோளின் அலையைப் பெட்டி உண்மையிலேயே படித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தரப் பட்டை மட்டுமே சொல்லும்.

டிஷ்ஷை 118 பாகைத் திசையில் நிறுத்தி, இடவலத் திருகாணியை லேசாக இறுக்குங்கள். பின்புறத்து உயர அளவுகோலில் 69-ஐ வையுங்கள். நம் வீடுகளில் நிறுத்தும் டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், 69 பாகையைப் பார்க்கும் டிஷ்ஷின் முகம் கண்ணுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்தாற்போல்தான் தோன்றும். தவறாக வைத்துவிட்டோமோ என்று நிமிர்த்திவிடாதீர்கள். இப்போது உயரத்தை 64-லிருந்து 74 வரை, ஒவ்வொரு பாகையாக, மிக மெதுவாக நகர்த்த வேண்டும். ஒவ்வோர் அசைவுக்குப் பிறகும் இரண்டு மூன்று நொடி நிறுத்துவது கட்டாயம். பெட்டி அலையைப் படித்துத் தரப் பட்டையைக் காட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒன்றும் வராவிட்டால் திசையை ஐந்து பாகை கிழக்கே தள்ளி மறுபடியும், பின்பு ஐந்து பாகை தெற்கே தள்ளி மறுபடியும் தேடுங்கள். முன்னே சொன்ன காரணத்தால், இடவலத்தில் ஐந்து பாகை என்பது வானத்தில் இரண்டு பாகைக்கும் குறைவுதான்.

முன்பெல்லாம் மாடிக்கும் வீட்டுக்கும் இடையே கத்த வேண்டியிருந்தது; இப்போது கைபேசியில் காணொளி அழைப்பு போட்டுத் திரையின் முன் வைத்துவிடலாம். ஆனாலும் எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் கீழே நின்று குரல் கொடுத்தார். “வருதா அண்ணாச்சி?” “இல்ல தம்பி, மேல இருக்க கோடு மட்டும்தான் நிக்கி.” “இப்ப?” “ஏ, வந்துட்டு, வந்துட்டு… போச்சே! எதுக்குக் கைய எடுத்திய?” டிஷ்ஷைப் பிடித்திருந்த கையை எடுத்ததும் அது தன் பாரத்தில் அரை செண்டிமீட்டர் இறங்கியிருந்தது. அதனால் தரம் வந்தவுடன், கையை எடுக்காமலேயே மேல்கீழ்த் திருகாணிகளை இரண்டு பக்கமும் மாறி மாறி, கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபடும்.

பிறகு எல்என்பிக்கு வாருங்கள். எட்டு மணி நிலையிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லச் சுழற்றி, தரம் உச்சத்தைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். தரம் கொஞ்சமும் உயரவில்லையென்றால் எதிர்ப்பக்கத்து நான்கு மணி நிலையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். தரம் வருகிறது, ஆனால் தேடலில் வருபவை தூர்தர்ஷன் அலைவரிசைகளாக இல்லை என்றால், பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டீர்கள், 91.5 பாகையில் மீசாட் நிற்கிறது, இரண்டு பாகைதான் இடைவெளி. இறுதியாக, எல்லாவற்றையும் இறுக்கியபின் கம்பத்தில் நெயில் பாலிஷாலோ பெயிண்டாலோ டிஷ்ஷின் நிலையைக் குறித்துவையுங்கள். அடுத்த ஆடியில் காற்று திருப்பிவிட்டால், ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குக் கொண்டுவர அந்தக் கோடு உதவும்.

அலைவரிசைகளைப் பதித்தலும் படத்தைச் சீராக்கலும்

பெட்டியில் முன்பே பதிந்திருக்கும் பட்டியலை நம்பாமல் பிளைண்ட் ஸ்கேன் என்னும் முழுத்தேடலைச் செய்யுங்கள். சில நிமிடங்கள் கூடுதலாகும், ஆனால் எதுவும் விடுபடாது. தனியார் அலைவரிசைகளுக்கான இடங்களை பிரசார் பாரதி மின்னேலத்தில் ஓராண்டுக்கு ஒதுக்குவது வழக்கம் என்பதால், ஏப்ரல் தொடக்கத்தில் பட்டியல் மாறும். சித்திரை பிறக்கும்போது ஒருமுறை மறுதேடல் செய்துவிட்டால் ‘பார்த்துக்கொண்டிருந்த சேனலைக் காணோம்’ என்ற புகார் வீட்டில் எழாது.

படத்தின் வெளியீட்டை 1080 என்று வைத்து, சட்டவிகிதத்தை 16:9 என்றும், பழைய 4:3 நிகழ்ச்சிகளுக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை வரட்டும் என்றும் அமையுங்கள். பட்டை பிடிக்காமல் இழுத்து நிரப்பினால், பாடகரின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பெட்டியில் யுஎஸ்பி துளை இருந்தால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யலாம். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் ஓர் எச்டி அலைவரிசை, ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி இடம் பிடிக்கும். ஃபேட்32 முறையில் அமைத்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நீண்ட கச்சேரி துண்டு துண்டாகப் பதிவாவதற்கு இதுவே காரணம், பெட்டியின் கோளாறு இல்லை.

மழை, இடி, சூரியன்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறுகப் பெய்யும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து மறையும். செயற்கைக்கோளிலிருந்து வரும் இந்த அலையின் நீளம் மூன்று செண்டிமீட்டருக்கும் குறைவு. கனத்த மழைத்துளிகள் அதை வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. மழை விட்டதும் தானாக வரும். அந்த நேரத்தில் மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்புவதுதான் மிகப் பெரிய தவறு. 2023 டிசம்பர் 17, 18 போன்ற பெருமழை நாள்களில் செய்திக்கு வானொலியை நம்புவதே அறிவு. அதனால் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ வீட்டில் இருக்கட்டும். இடி இடிக்கத் தொடங்கினால், பெட்டியின் மின் இணைப்பையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்; டிஷ்ஷின் கம்பத்துக்கு எர்த் கம்பி போட்டிருப்பது கட்டடத்துக்கு நல்லது.

மழையே இல்லாத நல்ல வெயிலில், முற்பகலில், சில நிமிடங்கள் படம் போய்விட்டதாக யாராவது சொன்னால், தேதியைப் பாருங்கள். பங்குனி முதல் வாரத்தில், மார்ச் 16, 17-ஐ ஒட்டி, காலை 11.14 மணியளவிலும், புரட்டாசியில் செப்டம்பர் 26, 27-ஐ ஒட்டி, 10.56 மணியளவிலும், நெல்லையிலிருந்து பார்க்கையில் சூரியன் சரியாக ஜிசாட்-15-க்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனின் இரைச்சல் செயற்கைக்கோளின் மெல்லிய அலையை மூழ்கடித்துவிடும். ஆண்டுக்கு இருமுறை, சில நாள்கள், நாளுக்குச் சில நிமிடங்கள்.

டிஷ்ஷை இன்னும் நிறுத்தாதவர்கள் இந்த நிமிடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த நாள்களில் அதே நேரத்துக்கு மாடிக்குப் போய், டிஷ் வைக்க நினைத்திருக்கும் இடத்தில் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். தென்னங்கீற்றின் நிழலோ, தண்ணீர்த் தொட்டியின் நிழலோ அங்கே விழுந்தால், செயற்கைக்கோளின் அலையும் அங்கே விழாது. வெயில் படும் இடத்துக்கு இரண்டடி நகர்த்தி, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டு இறங்குங்கள்.